கங்குன் பச்சை மாறாமல், சோஸ் இலையில் ஒட்டி நிற்க

பரந்தனிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: "அக்கா, வவுனியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கங்குன் கீரையை உள்ளி போட்டு, சோஸ் விட்டுப் பிரட்டிக் கொடுத்தார்கள். இலை பச்சையாக இருந்தது, தண்டு நறுக்கென்று கடிபட்டது, சோஸ் இலையோடு ஒட்டி மினுங்கியது. அதையே வீட்டில் செய்தால் கீரை கறுத்து, சட்டி நிறையத் தண்ணீர் விட்டு, உப்புக் கரிக்கிறது. எங்கே பிழைக்கிறது? ஒய்ஸ்டர் சோஸ் இல்லாமல் செய்ய வழி உண்டா? நம்முடைய கீரைகளில் எவற்றை இப்படிச் செய்யலாம்? அம்மா சிறுநீரக நோய்க்கு மருந்து எடுக்கிறார், அவருக்கும் கொடுக்கலாமா?"

நான் கிளிநொச்சியில் பெண்களுக்குச் சமையல் பழக்குகிறவள். இந்தக் கேள்வியின் முதற் பாதியை வகுப்புக்கு வரும் ஏறக்குறைய எல்லோரும் ஏதோ ஒரு வடிவத்தில் கேட்கிறார்கள். பதிலை ஒரே சொல்லில் சொல்லிவிடலாம்: தண்ணீர். கழுவும்போது இலையில் நின்ற தண்ணீர், இலை வேகும்போது விடும் தண்ணீர், சோஸோடு நாம் ஊற்றும் தண்ணீர் ஆகிய மூன்றும் தாச்சியில் ஒன்றுசேர்ந்தால் கீரை அவிந்துதான் போகும், வதங்காது. நிறம் மாறுவதும், சோஸ் ஒட்டாமல் அடியில் நிற்பதும், உப்புக் கூடுவதும் எல்லாம் அதன் பின்விளைவுகள்.

வன்னியில் நன்றாகக் கீரை சமைக்கத் தெரிந்தவர்களே இதில் தடுமாறுகிறார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. நாம் கீரையை இரண்டு விதமாகப் பழகியிருக்கிறோம். ஒன்று கடையல்: முளைக்கீரையைத் தண்ணீர் விட்டு அவித்து, பச்சை மிளகாயும் வெங்காயமும் சேர்த்து மசித்து, தேங்காய்ப்பால் விட்டு இறக்குவோம். அங்கே தண்ணீர் தேவை. மற்றது வறை: முருங்கையிலையையோ பொன்னாங்காணியையோ பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூப் போட்டுச் சுண்ட வைப்போம். அங்கே இலை விடும் தண்ணீரைத் தேங்காய்ப்பூ உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் கழுவிய கையோடு ஈரமாகப் போட்டாலும் வறை கெடாது. மெல்லிய நெருப்பில் மூடி வைத்தாலும் கெடாது. சோஸ் விட்டுப் பிரட்டும் கீரையில் உறிஞ்சிக்கொள்ள எதுவும் இல்லை. வறைக்குப் பழகிய கை ஈரக்கீரையைத் தாச்சியில் போட்டு, உப்புத் தூவி, மூடியால் மூடிவிடுகிறது. இந்த மூன்றும் இந்தச் சமையலுக்கு ஆகாதவை.

ஆகவே வேலை அடுப்பில் தொடங்குவதில்லை. சமைப்பதற்கு ஒரு மணித்தியாலம் முன்னரே கீரையைக் கழுவிவிடுங்கள். அகன்ற பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு, கீரையை அமிழ்த்தி அலசி, மேலாக அள்ளி எடுக்க வேண்டும். பாத்திரத்தைச் சரித்துத் தண்ணீரை வடித்தால் அடியில் தங்கிய மண் திரும்பவும் கீரையில் ஏறிவிடும். தண்ணீர் தெளியும்வரை இரண்டு மூன்று முறை அலசுங்கள். பிறகு பிடி பிடியாக எடுத்து உதறி, சுளகில் துணி விரித்துப் பரப்பி விடுங்கள். சோளகக் காற்று வீசும் மாதங்களில் எங்கள் பக்கத்து முற்றத்து நிழலில் கால் மணித்தியாலத்திலேயே ஈரம் போய்விடும். மாரியில் அது நடக்காது. பருத்தித் துவாயில் சுற்றி மெதுவாக ஒற்றி எடுக்க வேண்டும்.

கங்குன் தண்டு உள்ளே குழாய். இந்தியாவில் வள்ளைக்கீரை என்று சொல்வதும் இதைத்தான். கழுவும்போது அந்தக் குழாய்க்குள் தண்ணீர் புகுந்து நிற்கும். இலை காய்ந்திருந்தாலும் தண்டுக்குள் நின்ற தண்ணீர் சூடான எண்ணெயில் வெடித்துக் கையைச் சுட்டுவிடும். அதனால் முழுத் தண்டாகக் கழுவிவிட்டு, பிறகு இரண்டு அங்குல நீளத்துக்கு முறித்து, முறித்த துண்டுகளை ஒரு முறை நன்றாக உதறுங்கள். கத்தி வேண்டாம், கையால் முறியுங்கள். 'டக்' என்று முறிந்தால் இளந்தண்டு. வளைந்து நாராக இழுபட்டால் முற்றல். அந்த அடித்துண்டு ஆட்டுக்குப் போகட்டும். முறிக்கும்போதே தண்டை ஒரு பக்கமும் இலையும் கொழுந்தும் இன்னொரு பக்கமுமாகப் பிரித்து வையுங்கள். இரண்டும் வேக எடுக்கும் நேரம் வேறு. ஒன்றாகப் போட்டால் தண்டு வேகும்வரை இலை காத்திருக்காது.

அடுத்தது நெருப்பு. தாச்சியில் தண்ணீர் நிற்கும்வரை அந்தத் தண்ணீரின் சூடு 100 பாகை செல்சியஸைத் தாண்டாது. கடைக் கீரையில் நாம் விரும்புகிற அந்த லேசான வாட்டமும் மணமும் 140 பாகைக்கு மேல்தான் உண்டாகத் தொடங்கும். ஈரக்கீரை ஒரு குவியல் விழுந்தவுடன் தாச்சி குளிர்ந்து, தண்ணீர் பெருகி, 100 பாகையிலேயே நின்றுவிடுகிறது. கடைக்காரர் தப்பித்துக்கொள்வது அவருடைய அடுப்பினால். தாச்சியின் அடி முழுவதையும் சுவாலை கவ்விப் பிடிக்கிற அடுப்பு அது. விட்ட தண்ணீர் விட்டவுடனே ஆவியாகிவிடுகிறது. நம் வீட்டுக் காஸ் அடுப்பில் அவ்வளவு வலு இல்லை. இல்லாத வலுவைக் கொண்டுவர முடியாது. போடும் கீரையைக் குறைக்கலாம். ஒரு தடவைக்கு 250 கிராமுக்கு மேல் போடாதீர்கள். ஐந்து பேருக்குச் சமைப்பதென்றால் இரண்டு தடவையாகச் செய்யுங்கள். ஒரு தடவைக்கு மூன்று நிமிடம்கூட ஆகாது.

விறகு அடுப்பு வைத்திருப்பவர்கள் இந்த விஷயத்தில் கொடுத்து வைத்தவர்கள். காய்ந்த பனைமட்டையையும் தென்னம்பாளையையும் கொளுத்தினால் சுவாலை உயரமாக எழும்பித் தாச்சியைச் சுற்றிப் பிடிக்கும். நின்று எரிகிற கட்டை விறகு சோற்றுக்கும் கறிக்கும் நல்லது. இதற்குக் குறுகிய நேரம் கொழுந்துவிட்டு எரிகிற விறகுதான் வேண்டும். கீரை போடுவதற்குச் சற்று முன்னர் இரண்டு மட்டையைச் செருகினால், காஸ் அடுப்பில் கிடைக்காத சூடு கிடைக்கும். பாத்திரம் இரும்புத் தாச்சியாக இருக்கட்டும். மெல்லிய அலுமினியச் சட்டி கீரை விழுந்தவுடன் குளிர்ந்துவிடும். கனத்த இரும்பு சூட்டைப் பிடித்து வைத்திருக்கும்.

எண்ணெய் 250 கிராம் கீரைக்கு இரண்டு மேசைக்கரண்டி. தேங்காயெண்ணெய் தாராளமாகச் சரி. ஆனால் பச்சைத் தேங்காய்ப்பாலிலிருந்து எடுத்த சுத்தமான எண்ணெய் சீக்கிரம் புகைந்து கசந்துவிடும். சுத்திகரித்த தேங்காயெண்ணெய் அதைவிடச் சூடு தாங்கும். நல்லெண்ணெயின் மணம் சோஸின் மணத்தை மூடிவிடுவதால் இதற்கு நான் பாவிப்பதில்லை.

இனி அடுப்படியில் நடப்பதைச் சொல்கிறேன். எல்லாவற்றையும் கைக்கெட்டும் தூரத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சோஸையும் முன்கூட்டியே கலந்து வையுங்கள். அடுப்பு மூட்டிய பிறகு போத்தல் மூடியைத் திருகிக்கொண்டிருக்க நேரம் கிடையாது. வெறுந்தாச்சியை முதலில் நன்றாகச் சூடாக்குங்கள். ஒரு துளி தண்ணீர் தெளித்தால் அது உருண்டு ஓட வேண்டும். எண்ணெய் விட்டு, தாச்சியைச் சுழற்றிப் பரப்பி, தட்டிய உள்ளிப்பல் ஆறும் கிள்ளிய செத்தல் மிளகாய் இரண்டும் போடுங்கள். உள்ளியை அரைக்காதீர்கள், தட்டினால் போதும், அரைத்தது கருகிவிடும். உள்ளியின் விளிம்பு மாத்திரம் பொன்னிறமாகி, நடு இன்னும் வெள்ளையாக இருக்கும் அந்த நேரத்தில் தண்டைக் கொட்டுங்கள். உள்ளி முழுவதும் சிவக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தால் கீரை வேகும் நேரத்தில் அது கறுத்துவிடும்.

தண்டு விழுந்தவுடன் 'சொய்ங்' என்று ஒரு சத்தம் எழும். அந்தச் சத்தத்தைக் காதில் வைத்துக்கொண்டே சமையுங்கள். சத்தம் கூர்மையாக இருந்தால் தண்ணீர் ஆவியாகிக்கொண்டிருக்கிறது. அது மங்கி, 'புளு புளு' என்று கொதிக்கும் சத்தமாக மாறினால் தண்ணீர் தேங்கிவிட்டது. முக்கால் நிமிடம் பிரட்டுங்கள். தண்டின் வெளிறிய பச்சை திடீரென்று ஆழ்ந்து, கண்ணாடித்தன்மை வரும். அப்போது இலையைப் போடுங்கள். தாச்சி நிறைந்து வழிவதுபோலத் தெரியும், பயப்பட வேண்டாம். அடியில் இருப்பதை மேலேயும் மேலே இருப்பதை அடியிலும் புரட்டிக்கொண்டே இருந்தால் அரை நிமிடத்தில் எல்லாம் அடங்கிவிடும். இலை சோர்ந்து, ஆனால் இன்னும் பச்சை மின்னுகிற நிலையில் நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு தாச்சியில் கிடக்கும் ஒவ்வொரு விநாடியும் நட்டம்.

சோஸ் விடுவதற்கு முன்னர் கீரையை ஒரு பக்கம் ஒதுக்கி அடியைப் பாருங்கள். அங்கே ஒரு மேசைக்கரண்டிக்கு மேல் தண்ணீர் நின்றால், தாச்சியைச் சரித்து வடித்துவிடுங்கள். தயங்க வேண்டாம். அந்தத் தண்ணீரை வற்ற வைக்கலாம் என்று அடுப்பில் நிறுத்தினால் கீரை போய்விடும். பிறகு சோஸை ஒரு முறை கலக்கி, ஒதுக்கி வைத்த வெற்றிடத்தில், தாச்சியின் சூடான இரும்பில் படும்படி ஊற்றுங்கள். கீரையின் மேல் ஊற்றக் கூடாது. இரும்பில் பட்டவுடன் அது நுரைத்துக் கொதித்து, வெள்ளையாகக் கலங்கியிருந்த மாவு தெளிந்து, பளபளப்பாகத் தடிக்கும். அந்தக் கணத்தில் கீரையை அதற்குள் இழுத்து, பத்துத் தடவை புரட்டி, தட்டில் கொட்டிவிடுங்கள். இலையைச் சமைப்பது எண்ணெயும் இரும்பின் சூடும். சோஸின் வேலை கடைசியில் வந்து இலையைப் பூசுவது மட்டும்தான். இதை மனத்தில் பதித்துக்கொண்டால் மிச்சம் எல்லாம் தானாக ஒழுங்குக்கு வரும்.

நிறம் கறுப்பதற்குத் தண்ணீரோடு இன்னொரு காரணமும் உண்டு. இலையின் பச்சைக்குக் காரணமான குளோரோஃபில்லின் நடுவில் மக்னீசியம் இருக்கிறது. சூட்டோடு அமிலமும் சேர்ந்தால் அந்த மக்னீசியம் விலகி, இலை பழுப்புக் கலந்த பாசி நிறத்துக்கு மாறுகிறது. இலைக்குள்ளேயே இயற்கையாக அமிலங்கள் இருக்கின்றன. திறந்த தாச்சியில் அவற்றில் ஒரு பகுதி ஆவியோடு போய்விடும். மூடி போட்டால் ஆவி தண்ணீராகித் திரும்பவும் கீரையிலேயே சொட்டும். அதனால்தான் மூடி வேண்டாம் என்கிறேன். தேசிக்காய் பிடிக்குமென்றால் தட்டில் போட்ட பிறகு, சாப்பிடும் நேரத்தில் பிழியுங்கள், தாச்சியில் பிழியாதீர்கள். பச்சை நிற்கட்டும் என்று அப்பச்சோடா போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பச்சை நிற்கும், உண்மைதான். ஆனால் தண்டு கொழகொழத்து, இலை வழுக்கி, விற்றமின் சியும் கூடுதலாக அழியும். நான் அதை யாருக்கும் பழக்குவதில்லை.

உப்பைப் பற்றி ஒரு வார்த்தை. உப்பு இலையிலிருந்து தண்ணீரை வெளியே இழுக்கும். முதலில் தூவினால் நீங்களே தண்ணீரைக் கூப்பிட்டு விட்டதாகிவிடும். இந்தக் கீரைக்குத் தனியாக உப்பே தேவையில்லை. சோயா சோஸ் ஒரு மேசைக்கரண்டியில் பொதுவாக 900 மில்லிகிராம் அளவில் சோடியம் இருக்கிறது. ஒய்ஸ்டர் சோஸிலும் உப்பு உண்டு. வீட்டுக் கீரை கரிப்பது பெரும்பாலும் பழக்கத்தால் போட்ட அந்த ஒரு சிட்டிகையினால்தான். கீரை சுண்டிக் கைப்பிடி அளவாகிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்; போடும்போது தெரிந்த குவியலுக்கு ஏற்ப சோஸ் அளந்தால் கரிக்கத்தான் செய்யும்.

அடிப்படைச் சோஸின் அளவு இது: 250 கிராம் கீரைக்குச் சோயா சோஸ் இரண்டு தேக்கரண்டி, ஒய்ஸ்டர் சோஸ் ஒரு மேசைக்கரண்டி, சீனி அரைத் தேக்கரண்டி, மிளகுதூள் ஒரு சிட்டிகை, சோளமா ஒரு தேக்கரண்டி, தண்ணீர் மூன்று மேசைக்கரண்டி. சோளமா அடியில் படிந்துவிடும். அதனால்தான் ஊற்றுமுன் கலக்கச் சொன்னேன். சோளமா இல்லாவிட்டால் கூவை மா இன்னும் தெளிவான பளபளப்பைத் தரும். அரிசிமாவும் தடிக்கும், ஆனால் சோஸ் கலங்கலாக இருக்கும்.

ஒய்ஸ்டர் சோஸ் இல்லாமல் செய்யலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். எனக்கு மிகவும் விருப்பமான பகுதி இதுதான். ஒய்ஸ்டர் சோஸ் தென்சீனத்துச் சரக்கு. குவாங்டொங் மாகாணத்தில் லீ கும் ஷியுங் என்பவர் 1888இல் அதை விற்கத் தொடங்கினார். சிப்பியைக் கொதிக்க வைத்து வற்றிய சாறு, உப்பு, சீனி, மாவு, இவ்வளவுதான் அதன் உள்ளடக்கம். அதாவது, கரையோரத்து மக்கள் தங்கள் கடலில் கிடைத்ததை வற்ற வைத்துச் செய்த சரக்கு. நந்திக்கடலும் முல்லைத்தீவுக் கரையும் சுண்டிக்குளமும் வைத்திருக்கிற நாம் அதற்காகப் போத்தலைத் தேடிக் கவலைப்பட வேண்டியதில்லை.

இறால் வாங்கும் நாளில் தலையையும் ஓட்டையும் எறிந்துவிடாதீர்கள். கால் கிலோ தலையும் ஓடும் எடுத்து, மீசையையும் கண்ணையும் நறுக்கிவிட்டு, கழுவி நன்றாக வடியவிடுங்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஐந்து நிமிடம் வறுங்கள். ஓடு செந்நிறமாகி, வீடு முழுக்க மணம் பரவும். அகப்பையின் முதுகால் தலைகளை நசுக்குங்கள். உள்ளே இருக்கும் செம்மஞ்சள் கொழுப்பு எண்ணெயோடு கலந்து எண்ணெயே நிறம் மாறுவதைக் காண்பீர்கள். இரண்டு கப் தண்ணீர் விட்டு இருபது நிமிடம் கொதிக்க வைத்து வடியுங்கள். வடித்த சாற்றைத் திரும்ப அடுப்பில் வைத்து அரைக் கப்பாக வற்ற வையுங்கள். அதில் இரண்டு மேசைக்கரண்டி சோயா சோஸும் ஒரு மேசைக்கரண்டி சீவிய பனங்கட்டியும் சேர்த்து, பனங்கட்டி கரைந்ததும் இறக்கிவிடுங்கள். பனங்கட்டியின் கருகல் கலந்த இனிப்பு வெறும் சீனிக்கு வராது. ஒய்ஸ்டர் சோஸுக்குரிய அந்தக் கருமை கலந்த சுவைக்கு மிக அருகில் அது கொண்டுபோய் விடும். கண்ணாடிப் போத்தலில் ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மூன்று நாலு நாளுக்குள் பாவித்து முடிக்கலாம். ஒரு தடவைக் கீரைக்கு இதில் இரண்டு மேசைக்கரண்டி எடுத்து, இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரும் ஒரு தேக்கரண்டி சோளமாவும் கலந்துகொள்ளுங்கள். இதிலேயே சோயா சோஸ் இருப்பதால் வேறு எதுவும் வேண்டாம். இறால் ஒவ்வாமை உள்ளவர் வீட்டில் இருந்தால் இதைத் தவிர்த்துவிடுங்கள்.

பச்சை இறால் கிடைக்காத நாளில் கூனி இறால் கருவாடு இருக்கிறது. ஒரு மேசைக்கரண்டி கூனியை வெறுந்தாச்சியில் வறுத்து, இடித்துத் தூளாக்கி, சோயா சோஸோடு கலந்தால் போதும். மாசிக் கருவாட்டைச் சீவி இடித்துப் போட்டாலும் அதே வேலையைச் செய்யும். இதற்குப் பின்னால் ஒரு விளக்கம் உண்டு. ஜப்பானிய வேதியியலாளர் கிக்குனே இக்கேதா 1908இல் கடற்பாசிச் சாற்றிலிருந்து குளுட்டமேற்றைப் பிரித்தெடுத்து, அதன் சுவைக்கு 'உமாமி' என்று பெயரிட்டார். புளிக்க வைத்த சோயாவில் அது நிறைய உண்டு. மாசி செய்யும் சூரை மீனில் இருப்பது இனோசினேற்று என்ற வேறொரு பொருள். இந்த இரண்டும் ஒரே வாயில் சேரும்போது சுவை வெறுமனே கூடுவதில்லை. ஒன்று மற்றதைப் பல மடங்கு தூக்கிவிடுகிறது. மாசி போட்ட சம்பலுக்கு நாம் ஏன் இப்படி அடிமையாகிறோம் என்பதற்கும், சோயாவோடு கடல் சரக்குச் சேர்ந்த சோஸ் ஏன் வெறும் சோயா சோஸை வென்றுவிடுகிறது என்பதற்கும் இதுவே காரணம்.

வெள்ளிக்கிழமையும் விரத நாட்களும் பார்க்கிற வீடுகள் நம்மில் அதிகம். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கல் நெருங்கும்போது மச்சத்தை முற்றாக நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த நாட்களுக்குக் காளான். சந்தையில் வளர்த்து விற்கிற சிப்பிக் காளானை 200 கிராம் வாங்கி, பொடியாக அரிந்து, எண்ணெய் இல்லாமல் தாச்சியில் போட்டுத் தண்ணீர் வற்றி விளிம்பு சிவக்கும்வரை வதக்குங்கள். ஒரு கப் தண்ணீர் விட்டுக் கால் கப்பாக வற்ற வைத்து, காளானோடு சேர்த்து அரைத்துச் சோயா சோஸும் பனங்கட்டியும் கலந்தால் நல்ல சோஸ் ஆகிவிடும். மழைக்குக் காட்டில் முளைத்த காளானைப் பறித்து வந்து இதற்குப் பாவிக்க வேண்டாம். இனமறிந்து பறிக்கத் தெரிந்த மூத்தவர்கள் பறித்தாலேயொழிய அது உயிராபத்தான விளையாட்டு.

நம்முடைய கீரைகளில் எவை இதற்குத் தோது? கங்குனுக்கு அடுத்தபடியாக நான் வத்தாளை (சர்க்கரைவள்ளி) கொழுந்தைச் சொல்வேன். இரண்டும் ஒரே குடும்பத்துச் செடிகள். தண்டும் இலையும் அதே மாதிரி நடந்துகொள்ளும், கங்குனைவிட இனிப்பும் உண்டு. தோட்டத்தில் கிழங்குக்காகப் படரவிட்ட கொடியில் நுனி ஆறு அங்குலத்தைக் கிள்ளினால் கிழங்குக்குப் பெரிய கெடுதல் இல்லை. பூசணிக் கொழுந்தும் மிக நன்றாக வரும். ஆனால் தண்டின் மேல்நாரை உரித்தெடுக்க வேண்டும். உரிக்காவிட்டால் சுணை தொண்டையில் பிடிக்கும். பசளியில் இயற்கையாகவே வழுவழுப்பு இருப்பதால் சோளமாவைப் பாதியாகக் குறையுங்கள். முளைக்கீரை மெல்லியது, இலையைப் போட்டுக் கால் நிமிடத்திலேயே சோஸ் விட வேண்டும். சிவப்பு முளைக்கீரை சோஸையே சிவப்பாக்கிவிடும், சுவைக்குக் குறைவில்லை. பொன்னாங்காணியில் நுனிக்கொழுந்தை மட்டும் எடுங்கள்.

முருங்கையிலை, அகத்தி, வல்லாரை மூன்றையும் இதற்குக் கொண்டுவர வேண்டாம். முருங்கையிலையின் சின்ன இலைகள் சோஸில் ஒட்டிக் கட்டி கட்டியாகிவிடும். அது வறைக்கும் சொதிக்கும் பிறந்தது. அகத்தியின் கசப்பைத் தேங்காய்ப்பால்தான் அடக்கும். வல்லாரையைச் சம்பல் போட்டுப் பச்சையாகச் சாப்பிடும் சுகத்தை நெருப்பில் காட்டி ஏன் கெடுப்பான்?

கங்குன் எங்கே வளர்ந்தது என்று கேட்டு வாங்குங்கள். தண்ணீரில் உள்ளதை எல்லாம் உறிஞ்சிக்கொள்கிற செடி அது. ஈயம், கட்மியம் போன்ற பார உலோகங்களையும் தண்டிலும் இலையிலும் சேர்த்து வைத்துக்கொள்ளும். நகரத்துக் கழிவு வாய்க்காலில் தளதளவென்று நிற்பதைக் கண்டு ஆசைப்பட்டுப் பறிக்கக் கூடாது. கழுவினாலும் சமைத்தாலும் உலோகம் போகாது. கிணற்றுத் தண்ணீர் பாய்ச்சி மேட்டுப் பாத்தியில் வளர்க்கிற, வேரோடு பிடுங்கி விற்கிற குறுகிய இலைக் கங்குன் இருக்கிறதே, அது நம்பி வாங்கக்கூடியது. வீட்டிலும் வளர்க்கலாம், வாங்கிய தண்டை நாலு கணு விட்டு வெட்டி ஈரமண்ணில் ஊன்றினால் வேர் பிடித்துவிடும். குளத்திலோ வாய்க்காலிலோ பறித்ததை ஒருபோதும் பச்சையாகச் சாப்பிட வேண்டாம். நீர்ச்செடிகளில் ஒட்டியிருக்கும் ஒட்டுண்ணிகள் குடலுக்குள் போகும். நெல்வயலுக்கு மருந்தடித்த கிழமையில் வரம்புக் கீரையையும் தொடாதீர்கள்.

அம்மாவைப் பற்றிக் கேட்டதைக் கடைசியாக வைத்தேன், நிதானமாகச் சொல்ல வேண்டியது என்பதால். வடமத்திய மாகாணத்திலும் அதையொட்டிய வவுனியாவின் சில பகுதிகளிலும் காரணம் முழுதாகத் தெளியாத நாட்பட்ட சிறுநீரக நோய் பல குடும்பங்களைத் தொட்டிருக்கிறது. அதனால் இது பலருடைய கேள்வி. நோய் முற்றிய நிலையில் உடம்பு பொட்டாசியத்தை வெளியேற்றச் சிரமப்படும். கீரைகள் எல்லாவற்றிலும் பொட்டாசியம் தாராளமாக உண்டு. எவ்வளவு சாப்பிடலாம் என்பதை அவருடைய இரத்தப் பரிசோதனையைப் பார்த்துக் கிளினிக் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் ஒரே அளவு கிடையாது. மருத்துவர் கொஞ்சம் சாப்பிடலாம் என்று சொன்னால், அம்மாவின் பங்கை நறுக்கி, நிறையத் தண்ணீரில் கொதிக்க வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பிழிந்து எடுங்கள். பொட்டாசியத்தில் ஒரு பகுதியும், சிறுநீரகக் கல்லுக்குக் காரணமாகிற ஒட்சலேற்றில் ஒரு பகுதியும் அந்தத் தண்ணீரோடு போய்விடும். பிறகு உள்ளியும் மிளகும் மட்டும் சேர்த்து வதக்கி, தட்டில் போட்ட பிறகு தேசிக்காய் பிழிந்து கொடுங்கள். சோயா சோஸ், ஒய்ஸ்டர் சோஸ், கருவாடு மூன்றும் அவருக்கு வேண்டாம். சுகதேகிக்கே ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராமுக்குக் குறைவான சோடியம்தான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. ஒரு மேசைக்கரண்டி சோயா சோஸ் அதில் ஏறக்குறையப் பாதியைத் தின்றுவிடும். உப்புக் குறைந்தது என்று கடையில் விற்கும் மாற்று உப்பை அவருக்கு வாங்காதீர்கள். அவற்றில் பல பொட்டாசியத்தால் செய்தவை. வீட்டில் யாராவது இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்து எடுத்தால், கீரையை ஒரு கிழமை அள்ளிச் சாப்பிட்டு மறு கிழமை விட்டுவிடுவதாக இல்லாமல் ஒரே அளவில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கீரையில் உள்ள விற்றமின் கே அந்த மருந்தோடு மோதும்.

இந்தக் கீரைக்கு நல்ல துணை சிவப்பரிசிச் சோறு. மொட்டைக்கறுப்பன் கிடைத்தால் விடாதீர்கள். அந்த அரிசியின் கனமும் சோஸின் உப்பும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். பக்கத்தில் பருப்பும் ஒரு பொரியலும் போதும். தேங்காய்ப்பால் விட்ட உறைப்புக் குழம்பு அதே கோப்பையில் வந்தால் சோஸின் சுவை தெரியாமல் போகும். ஆறிய கீரையைத் திரும்பச் சூடாக்க வேண்டாம். மாவு நீர்த்துத் தண்ணீர் பிரிந்துவிடும். மிஞ்சினால் அரிந்து முட்டைப் பொரியலில் போட்டுவிடுங்கள்.

வீட்டு விசேஷத்துக்கு ஐம்பது பேருக்குச் செய்ய வேண்டி வந்தால் தாச்சியில் பிரட்டும் முறை கைகொடுக்காது. பெரிய அண்டாவில் தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்து, கீரையைப் பகுதி பகுதியாகப் போட்டு, தண்டுக்கு ஒரு நிமிடமும் இலைக்கு அரை நிமிடமும் கொடுத்து அள்ளி, உடனே குளிர்ந்த கிணற்றுத் தண்ணீரில் அமிழ்த்துங்கள். பச்சை அப்படியே நின்றுவிடும். வடித்துப் பிழிந்து துணியால் மூடி வைக்கலாம். உள்ளியைத் தனியாக எண்ணெயில் பொன்னிறமாக்கி அந்த எண்ணெயோடு எடுத்து வையுங்கள். சோஸைத் தனிச் சட்டியில் தடிப்பாகக் காய்ச்சி, இளஞ்சூட்டில் விடுங்கள். பந்தி தொடங்கும்போது கீரையைக் கொதிநீரில் ஒரு தடவை முக்கி எடுத்து, தட்டத்தில் பரப்பி, மேலே சோஸையும் கடைசியாக உள்ளி எண்ணெயையும் ஊற்றுங்கள். ஐம்பது பேருக்கு ஆறு கிலோ கீரை கணக்கு வைத்துக்கொள்ளலாம், முற்றல் தண்டு கழித்த பிறகு.